பேச்சியம்மாள் என் கையைப் பார்த்த நாள்

தொழுநோய்ப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் கொஞ்ச நேரம் பேசச் சொன்னார்கள். புண் கழுவுவதையும் கட்டுப் போடுவதையும் என்னைவிட நன்றாகச் சொல்லிக் கொடுக்க இப்போது ஆட்கள் இருக்கிறார்கள். மருந்தெல்லாம்கூட மாறிவிட்டது. அதனால் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் செய்த ஒரு தப்பை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். அரைமனதாக வந்தவர்களுக்கு இந்தத் தப்பு நேராது. நல்ல மனசோடு, ஜெபம் பண்ணிவிட்டு வந்திருப்பவர்கள்தான் கவனமாகக் கேட்க வேண்டும்.

அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தி நாலு வயது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு பம்பாய்க்கு, தாராவியில் இருந்த அண்ணன் வீட்டுக்கு வந்தேன். அண்ணனுக்கு மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. ஒரே அறை வீடு. அண்ணி, கைக்குழந்தை, நான். செம்பூரைத் தாண்டி, அப்போது சதுப்பும் புல்லுமாகக் கிடந்த இடத்தில், சபைக்காரர்கள் நடத்திய ஒரு சின்ன தொழுநோய் இல்லம் இருந்தது. அங்கே எனக்கு வேலை கிடைத்தது. பெரிய ஆஸ்பத்திரிகளில் இடம் இருந்தும் நான் அதைத்தான் கேட்டு வாங்கினேன். இதை அப்போது எல்லோரிடமும் சொல்லுவேன். கேட்காதவர்களிடமும் சொல்லுவேன்.

அண்ணிக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. சாயங்காலம் நான் வந்ததும் வாசலில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கும். கைகால் கழுவி, சேலை மாற்றிய பிறகுதான் குழந்தையைத் தொடலாம். நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். பேசாமல் பொறுத்துக்கொள்கிறேனே என்று எனக்குள்ளேயே ஒரு நிறைவு இருந்தது.

இல்லத்துக்குப் பின்னால் ஒரு தோட்டம். அதை ஆரம்பித்தவர் எங்கள் மேட்ரன், ஐம்பது வயது தாண்டிய மராத்திக் கிறிஸ்தவப் பெண்மணி. கை உணர்ச்சி போனவர்கள் கையைச் சும்மா வைத்திருந்தால் விரல் இன்னும் மடங்கிப்போகும், வேலை செய்யட்டும் என்பது அவர் எண்ணம். கடல் காற்று படுகிற உப்பு மண். அதில் எருவைக் கொட்டிக் கொட்டி, கீரை, கத்தரி, வெண்டை என்று ஏதோ வரவைத்திருந்தார்கள். எங்கள் சமையலறைக்குப் பாதிக் காய்கறி அங்கிருந்துதான் வந்தது.

அந்தத் தோட்டத்தை மேட்ரன் என் பொறுப்பில் விட்டார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். நான் படித்தது நர்ஸ் வேலை, தோட்டம் பார்க்கவா வந்தேன் என்று தோன்றியது. ஆனால் வேலை என்னவோ முக்கியமானது. உணர்ச்சி இல்லாத கையில் முள் ஏறினாலும் தெரியாது, மண்வெட்டிப் பிடி தேய்த்துத் தோல் உரிந்தாலும் தெரியாது. அதனால் தினமும் வேலை முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து இரண்டு கையையும் விரித்துக் காட்ட வேண்டும். நான் பார்த்து, கீறல் இருந்தால் உடனே கட்ட வேண்டும். இதுதான் விதி. கை காட்டாதவர்களுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை.

தோட்டத்தில் வேலை செய்த ஏழெட்டுப் பேரில் பேச்சியம்மாள்தான் முன்னால் நிற்பவர். நம்ம ஊர்ப் பக்கத்துக்காரர். அவர் வீட்டுக்காரர் தாராவியில் தோல் பதனிடும் இடத்தில் வேலை செய்தார். மனைவிக்கு வியாதி என்று தெரிந்ததும் சந்தில் இருந்தவர்கள் சத்தம் போட, அவரே கூட்டிவந்து இல்லத்தில் சேர்த்தார். சேர்த்துவிட்டு மறந்துவிடவில்லை. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு வருவார். பேச்சியம்மாளுக்கு வலது கையில் இரண்டு விரல் மடங்கியிருந்தது. ஆனால் அந்தக் கையால் நாற்றைப் பிடுங்கி நடுவதைப் பார்த்தால் மடங்கின விரல் என்று சொல்ல முடியாது.

அவருக்கு என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூட. நான் “பேச்சி, இங்க வா” என்பேன். அவர் “இந்தா வாரேன் நர்ஸம்மா, உக்காருங்க” என்பார். இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்த மழைக்காலத்தில் வெள்ளரி நன்றாகக் காய்த்தது. மூங்கில் குச்சி நட்டுப் பந்தல் கட்டிக் கொடியை ஏற்றியிருந்தார்கள். ஒருநாள் நான் எல்லோர் கையையும் பார்த்து முடித்துக் கிளம்பும்போது பேச்சியம்மாள் ஒரு வெள்ளரிப்பிஞ்சைப் பறித்து, சேலைத் தலைப்பில் துடைத்து என்னிடம் நீட்டினார்.

“தின்னு பாருங்க நர்ஸம்மா. உப்பு மண்ணுல இம்புட்டு இனிப்பா வரும்னு நானே நெனைக்கல.”

நான் சிரித்துக்கொண்டே வாங்கினேன். அப்புறம் சாப்பிடுகிறேன் என்றேன். டீ குடிக்கும் அறைக்கு வந்து, அதை ஒரு காகிதத்தில் சுற்றிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுக் கையை சோப்புப் போட்டுக் கழுவினேன். இரண்டு நாள் கழித்து இன்னொன்று கொடுத்தார். அதையும் அப்படியே செய்தேன். அந்த வாரக் கடைசியில் மூன்றாவது.

பேச்சியம்மாளிடமிருந்து நோய் தொற்றாது என்பது எனக்குத் தெரியும். அவருடைய கிருமிப் பரிசோதனை அடுத்தடுத்து இரண்டு தடவை “இல்லை” என்று வந்திருந்தது. அந்த முடிவைப் பதிவேட்டில் என் கைப்பட எழுதியவளே நான்தான். பார்க்க வருகிற சொந்தக்காரர்களிடம் பயப்படாதீர்கள், சேர்ந்து சாப்பிடலாம் என்று தினமும் பாடம் நடத்தியவளும் நான்தான். அவர் புண்ணைத் தொட எனக்கு ஒரு நாளும் அருவருப்பு வந்ததில்லை. அவர் கொடுத்ததை வாயில் வைக்கத்தான் முடியவில்லை. அந்த நேரத்தில் இதைப் பற்றி நான் யோசிக்கவும் இல்லை என்பதுதான் மோசம். காகிதம், கூடை, சோப்பு. முடிந்தது.

அந்த மழைக்காலத்திலேயே, ஜூலையில், மாட்டுங்காவில் எங்கள் சபைப் பெண்கள் கூடுகையில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். ஆண்டவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களுடைய காலைக் கழுவின சம்பவத்தை எடுத்துப் பேசினேன். பிறகு என் வேலையைச் சொன்னேன். முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் நாலைந்து பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு தாழ்மை உனக்கு என்றார்கள். சயான் வரைக்கும் நடந்தே வந்தேன். கால் தரையில் படவில்லை.

மறு வாரம் பேச்சியம்மாள் கை காட்ட வரவில்லை. முதல் நாள் மறந்துவிட்டார் என்று விட்டேன். இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவரோடு தோட்டத்தில் வேலை செய்யும் சக்குபாய் என்னிடம் வந்து, “சிஸ்டர், பேச்சியோட ஹாத், கை, வீங்கியிருக்கு, முந்தானைக்குள்ள மறைச்சு வச்சிருக்கா” என்று பாதி இந்தியும் பாதித் தமிழுமாகச் சொன்னாள்.

நான் பேச்சியம்மாளை மருந்து அறைக்குக் கூப்பிட்டனுப்பினேன். வந்து வாசலிலேயே நின்றார்.

“கையக் காட்டு, பேச்சி.”

“வேண்டாம் நர்ஸம்மா.”

“ஏன் வேண்டாம்?”

அவர் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார். “உங்க டீ ரூம் குப்பைய எங்க கொண்டாந்து கொட்டுதாங்க தெரியுமா? என் எருக்குழியிலதான். மொத தடவ பாத்தப்ப, பாவம், மறந்துட்டாகன்னு நெனச்சேன். மூணு தடவயும் அதே மாதிரி சுத்தி வச்சிருந்தது. என் கை பட்டதத் திங்க முடியலன்னா இந்தக் கைய மட்டும் என்னத்துக்குத் தொடுதீங்க?”

இப்போது உங்களிடம் நிதானமாகச் சொல்கிறேன். அந்த இடத்தில் நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. முகம் சூடாகிவிட்டது. பிடிபட்டவளுக்கு வருகிற கோபம் வந்தது. கை காட்டாதவர்களுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை, விதி உனக்கும் தெரியும், நாளையிலிருந்து தோட்டத்துப் பக்கம் வராதே என்றேன். அவர் திரும்பிப் போய்விட்டார்.

மேட்ரனிடமும் போய்ச் சொன்னேன். பிடிவாதம் பிடிக்கிறாள், தோட்டத்திலிருந்து நிறுத்திவிட்டேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “காரணம் என்ன சொன்னாள்?”

“காரணம் ஒன்றும் சொல்லவில்லை” என்றேன்.

“காரணம் இல்லாமல் பேச்சி மறுக்கமாட்டாளே. நாளைக்கு நான் பேசுகிறேன்” என்றார். ஆனால் மறுநாளே அவருக்குக் காய்ச்சல். மூன்று நாள் அறையை விட்டு வரவில்லை. நானும் போய் ஞாபகப்படுத்தவில்லை.

நாலாம் நாள் பெருமழை. காய்ச்சல் விட்டதும் விடாததுமாக மேட்ரன் காலையிலேயே ஏதோ கூட்டத்துக்கு டவுனுக்குப் போயிருந்தார். குர்லாவில் தண்டவாளத்தில் தண்ணீர், ரயில் நின்றுவிட்டது என்று பால்காரர் சொன்னார். போன் செத்துப்போயிருந்தது. டாக்டர் வருவது வாரத்தில் இரண்டு நாள், அடுத்த முறை மறுநாள்தான். இல்லத்தில் படித்தவள் என்று நான் ஒருத்தி, இரண்டு ஆயாக்கள்.

பத்து மணிக்கு சக்குபாய் மறுபடி வந்தாள். “பேச்சிக்கு நல்ல ஜுரம். துணியெல்லாம் மூட்டை கட்டிட்டா. போறாளாம்.”

உணர்ச்சியில்லாத கை வீங்கி, கூடவே காய்ச்சலும் வந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். உள்ளே சீழ் பிடித்து மேலே ஏறுகிறது. வெளியே போனால் அந்தக் கை போய்விடும். கையோடு நிற்குமா என்பதும் தெரியாது.

பெரிய ஆயா, “நாங்க ரெண்டு பேரும் பிடிச்சுக்கிறோம், நீங்க கட்டுப் போட்டுருங்க சிஸ்டர்” என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அப்படிச் செய்வது அந்தக் காலத்தில் பழக்கம்தான். அன்றைக்கு அது சுலபமாகவும் இருந்திருக்கும். நான் கிட்டத்தட்டச் சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் இன்றைக்குப் பிடித்துக் கட்டினால் நாளைக்கு? தினமும் பிடிக்க முடியுமா? அந்தக் கை குணமாவதற்கு அந்தப் பெண் இங்கே இருக்க வேண்டும், மனசோடு இருக்க வேண்டும். அதைக் கெடுத்தவள் நான். என்னைத் தவிர அங்கே யாருக்கும் அது தெரியாது. குடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.

மண்வெட்டியும் கூடைகளும் வைக்கும் தகரக் கொட்டகையில் பேச்சியம்மாள் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

“எங்க போவீங்க?” என்றேன். “போவீங்க” என்று என் வாயில் வந்தது அன்றுதான் முதல் தடவை. யோசித்துச் சொன்னதில்லை. பயத்தில் வந்தது.

“மழ விடட்டும்னு இருக்கேன். தாராவில அவுக இருக்காக. அங்க உள்ள விடலன்னா ரோடு கெடக்கு.”

“அக்கா, நீங்க குடுத்தத நான் தூக்கித்தான் போட்டேன். மேட்ரன்கிட்ட அதையும் மறைச்சுட்டேன். உங்களப் பிடிவாதக்காரின்னு சொன்னேன். தப்பு என்மேலதான்.”

அவர் மூட்டையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். எனக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் போலிருந்தது. குடையைக் கீழே போட்டுவிட்டுப் பந்தலுக்குப் போய் ஒரு வெள்ளரியைப் பறித்துக்கொண்டு வந்து, அவர் எதிரிலேயே நின்று கடித்தேன்.

பேச்சியம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. சலிப்புதான் இருந்தது.

“எனக்குக் காட்டுறதுக்காகத் திங்காதீங்க நர்ஸம்மா. தூக்கிப் போடுறதும் இதுவும் ஒண்ணுதான்.”

வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மீதியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்னிடம் இருந்ததெல்லாம் தீர்ந்துபோயிற்று. கட்டளை போட்டாயிற்று, மன்னிப்புக் கேட்டாயிற்று, நாடகமும் ஆடியாயிற்று. இனிமேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்து அவர்தான் பேசினார். என்னிடம் பேசியதா, தனக்குத்தானே சொன்னதா என்று தெரியவில்லை. “நாலு நாளா நான் பாக்கல. வரப்பு ஒடைஞ்சு கத்தரி நாத்துல தண்ணி நிக்குது. இன்னைக்குப் பொழுது நின்னா அம்புட்டும் அழுகிப்போகும்.”

“நான் என்ன செய்யணும்?” என்றேன்.

அவர் என் வெள்ளைச் சேலையைப் பார்த்தார். வெள்ளை ஷூவைப் பார்த்தார். “மம்பட்டி பிடிச்சிருக்கீங்களா?”

“இல்ல.”

“அந்தச் சின்னத எடுங்க. செருப்பக் கழட்டுங்க, வழுக்கும். ஓரத்துல இருந்து வெட்டிக்கிட்டே வாங்க. நாத்தோட வேருல படாம.”

இறங்கினேன். கணுக்கால் வரை சேறு. முதல் வெட்டிலேயே இரண்டு நாற்று போயிற்று. “அய்ய, இந்தப் பக்கம்” என்றார். மண்ணை வாரி அள்ளிப் போட்டால் மறுபடி அங்கேயே சரிந்தது. “குனிஞ்சு கையால அணைங்க, மம்பட்டியால முடியாது” என்றார். முட்டி போட்டுக் கையால் அணைத்தேன். கொட்டகையில் இருந்தபடி அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். என் படிப்பால் அந்தப் பாத்திக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. தண்ணீருக்கு எந்தப் பக்கம் சரிவு என்று அவருக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். தண்ணீர் மெல்ல வாய்க்காலில் திரும்பி ஓட ஆரம்பித்தது. எனக்கு ஒரே சந்தோஷம். பேச்சியம்மாளின் முகத்திலும் லேசாக ஏதோ இளகியது. “கோணலாத்தான் வெட்டியிருக்கீங்க. ஆனா தண்ணி போகும்” என்றார்.

எழுந்து வந்து கொட்டகை ஓரத்தில் கையைக் கழுவினேன். தண்ணீர் பட்டதும் சுரீரென்றது. உள்ளங்கையில் இரண்டு இடத்தில் கொப்புளம் கிளம்பி உடைந்திருந்தது. நான் முகம் சுளித்ததை அவர் பார்த்துவிட்டார்.

“கையக் காட்டுங்க” என்றார்.

தினமும் நான் சொல்லுகிற அதே வார்த்தை. என்னையறியாமல் கை பின்னால் போயிற்று. ஒன்றுமில்லை அக்கா என்று சொல்ல வாய் வந்தது. ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு இரண்டு கையையும் விரித்து அவர் முன்னால் நீட்டினேன்.

அவர் தன் இடது கையால் என் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படியே, விரல் இடுக்கு ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூட்டையை அவிழ்த்து, துவைத்த ஒரு துணியைக் கிழித்து, பல்லால் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு என் உள்ளங்கையைச் சுற்றிக் கட்டினார். நான் அசையாமல் இருந்தேன். ஏன் என்று தெரியாமல் அழுகை வந்தது.

“ரொம்ப வலிக்குதா?”

“வலிக்குது.”

“வலிக்கட்டும், நல்லதுதான்” என்றார். “எனக்கு அந்தக் கொடுப்பன இல்ல. மூங்கிச் சிலாம்பு ஏறியிருக்கும்போல. எப்ப ஏறிச்சுன்னே தெரியல.” சொல்லிவிட்டு முந்தானைக்குள் இருந்த வலது கையை வெளியே எடுத்து என் மடியில் வைத்தார்.

கை இரண்டு மடங்கு இருந்தது. நடுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை சிவந்து மினுமினுத்தது. மருந்து அறைக்கு இரண்டு பேரும் ஒரே குடையில் போனோம். வெந்நீரில் ஊறவைத்து, முனை கண்டிருந்த இடத்தைத் திறந்து சீழை எடுத்தேன். விரல் நீளத்துக்கு மூங்கில் சிலாம்பு வந்தது. ஊசி போட்டேன், கையை அசையாமல் பலகை வைத்துக் கட்டினேன். அவ்வளவு நேரமும் அவர் அதை யாரோ ஒருத்தர் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இன்னும் ஒரு நாள் போயிருந்தால் மணிக்கட்டுவரை எடுத்திருக்க வேண்டும் என்றார். நடுவிரல் நுனி போயிற்று. கை தங்கிவிட்டது. அந்த விரல் நுனிக்கு நான்தான் காரணம். இதை நான் மறக்கவில்லை, உங்களிடம் மறைக்கவும் இல்லை.

மேட்ரன் மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தார். அவர் அறைக்குப் போய் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டு அனுப்பினாலும் சரி என்றேன். அவர் என்னை உட்காரச் சொன்னார்.

“நான் இங்கே வந்த முதல் வருஷம் இங்கேயுள்ள தண்ணீரைக் குடித்ததில்லை. வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவருவேன்” என்றார். “என்னை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதனால் எனக்கு அது போக நாலு வருஷம் ஆயிற்று. நீ கொடுத்துவைத்தவள்.”

அதற்கு மேல் அறிவுரை சொல்லவில்லை. பதிவேட்டில் நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னார். எழுதினேன்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது மாட்டுங்காவில் நான் பேசினது ஞாபகம் வந்தது. அந்தச் சம்பவத்தை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் துண்டைக் கட்டிக்கொண்டு பாத்திரத்தைப் பிடித்திருப்பவருடைய இடத்தில்தான் என்னை வைத்துப் பார்த்திருக்கிறேன். சீடர்களில் ஒருவரான பேதுரு காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறாரே, நீர் என் காலைக் கழுவக்கூடாது என்கிறாரே, அந்த இடத்தில் வேகமாகத் தாண்டிப் போய்விடுவேன். அவருக்கு என்ன கஷ்டம் என்று யோசித்ததில்லை. குனிந்து கழுவுவது எனக்குச் சுலபம். குனிகிறபோதும் கொடுக்கிறவள் நான்தானே. காலை நீட்டிக்கொண்டு, அழுக்கைக் காட்டிக்கொண்டு, இன்னொருவர் கையில் இருப்பதுதான் கஷ்டம். தாழ்மை என்று ஆண்டவர் சொன்னதில் இந்தப் பாதியும் இருக்கிறது என்பது சேற்றில் இறங்கின பிறகுதான் எனக்கு உறைத்தது.

பேச்சியம்மாளுக்குக் கை ஆறும்வரை தோட்டத்தில் வேலை கூடாது. அதனால் தினமும் அரைமணி நேரம் அவர் சொல்ல நான் செய்தேன். களை எது, பயிர் எது என்று தெரிய ஒரு மாதம் ஆயிற்று. அன்றைக்குக் காப்பாற்றிய நாற்றில் பாதி தேறியது. “பாதி தேறினதே பெரிசு” என்று பேச்சியம்மாள் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். மாலையில் கை பார்க்கும்போது முதலில் என் கையை யாராவது பார்ப்பார்கள், பிறகு நான் மற்றவர்கள் கையைப் பார்ப்பேன். இது விதியாக எழுதப்படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாரும் கையை மறைக்கவில்லை. மூன்று பேருடைய கீறலை அந்த வருஷமே ஆரம்பத்தில் கண்டுபிடித்தோம்.

அடுத்த வருஷம் பேச்சியம்மாளுக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். வீட்டுக்காரர் வந்து கூட்டிப்போனார். மறு வாரம் அந்த வீட்டுக்காரரே என்னைத் தேடி அண்ணன் வீட்டுக்கு வந்தார். சந்தில் பெண்கள் யாரும் பேச்சியம்மாள் கிட்ட வருவதில்லையாம். பொதுக்குழாயில் தண்ணி பிடிக்க விடவில்லையாம். “நீங்க ஒரு எட்டு வந்து சொன்னீங்கன்னா கேப்பாங்க” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போனேன். வேண்டுமென்றே நர்ஸ் உடுப்பு போட்டுக்கொண்டேன். கையில் டாக்டர் சீட்டின் நகல். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டே போனேன். என்னைப் பார்த்ததும் ஏழெட்டுப் பெண்கள் அவரவர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நான் சீட்டை விரித்துத் தொண்டையைச் செருமினேன்.

“பேச்சு எங்க போவப்போவுது? மொதல்ல உள்ள வந்து சாப்பிடுங்க, மொகம் வாடிக் கெடக்கு” என்றார் பேச்சியம்மாள்.

அன்றைக்கு நற்கருணை ஆராதனை, அதற்கு வெறும் வயிற்றோடு போவது எங்கள் வழக்கம். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. மத்தியானம் இரண்டு மணி. வாசலை ஒட்டி உட்கார்ந்தேன். சோறும் கருவாடு போட்ட கத்தரிக்காய்க் குழம்பும். பேச்சியம்மாள் அந்தக் கையாலேயே பிசைந்து காட்டி, “இப்படித் தொட்டுக்கோங்க” என்றார். முதல் கவளத்தோடு எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. இரண்டாவது தடவை சோறு கேட்டேன். குழம்பு போதவில்லை என்று மறுபடி கேட்டேன். யார் பார்க்கிறார்கள், எதற்காக வந்தேன் என்ற நினைப்பே இல்லை. தட்டை வழித்து முடித்து நிமிர்ந்தபோது எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டிருந்தார்.

“குழம்புல என்ன போட்ட? வாசம் அங்க வரைக்கும் வருது” என்று பேச்சியம்மாளிடம் கேட்டார். வியாதி தெரிந்த நாளிலிருந்து அந்தச் சந்தில் அவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது என்று பிற்பாடு சொன்னார்கள்.

எல்லாரும் அன்றைக்கே மாறிவிடவில்லை. குழாயடியில் பல மாதம் அவருக்குக் கடைசி முறைதான். ஆனால் எதிர்வீட்டு அம்மா மறுநாள் தன் குடத்தையும் அவர் குடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாராம். அங்கிருந்து ஆரம்பித்தது.

நான் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனதில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. சீட்டு என் பையிலேயே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

நாளையிலிருந்து நீங்களும் வீடுவீடாகப் போகப்போகிறீர்கள். மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள், சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள், படித்ததையெல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டு மட்டும் போகாதீர்கள். பசியோடு போங்கள்.